ஆயர் ஈத்தாமில் ஒன்றரை நாள்: மலை ரயிலோடு திரும்பிவிடாதீர்கள்

கிள்ளானிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். பினாங்கு ஆயர் ஈத்தாமில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாண விருந்து, சனிக்கிழமை ராத்திரி. இவர்கள் வியாழன் இரவே வந்துவிடுகிறார்கள். வெள்ளி முழு நாளும் சனி காலையும் கையில் இருக்கின்றன. கூட 68 வயது அம்மா, முழங்கால் வலி உண்டு. 10 வயதிலும் 7 வயதிலும் இரண்டு பிள்ளைகள். ஜார்ஜ் டவுன் சுவர் ஓவியம், கோட்டை எல்லாம் போன முறையே பார்த்தாகிவிட்டது. "ஆயர் ஈத்தாமில் மலை ரயிலைத் தவிர வேறு ஏதாவது இருக்கிறதா?" என்பதுதான் கேள்வி.

இருக்கிறது. ஒன்றரை நாள் போதாது என்கிற அளவுக்கு இருக்கிறது. நான் அந்த ஊரில் வளர்ந்தவன் என்பதால் கொஞ்சம் பெருமையாகவே சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பெயரைப் பாருங்கள். 'ஆயர்' என்றால் மலாயில் தண்ணீர், 'ஈத்தாம்' என்றால் கறுப்பு. கறுப்புத் தண்ணீர். பக்கத்து மடிப்பில் நம் ஆட்கள் வைத்த பெயர் தண்ணீர்மலை. ஒரே மலைத்தொடரின் இரண்டு பக்கத்திலும் தண்ணீர்தான் பெயர். இரண்டு பக்கத்து ஆறுகளும் கீழே இறங்கி சுங்கை பினாங்கு ஆற்றில் சேர்ந்து கடலுக்குப் போகின்றன. மலையிலிருந்து நல்ல தண்ணீர் இறங்கியதால்தான் கப்பல்கள் இங்கே நின்றன, ஊரும் வளர்ந்தது. அதனால் வெள்ளிக்கிழமை ஆயர் ஈத்தாம் பக்கம், சனி காலை தண்ணீர்மலைப் பக்கம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஒரே நாளில் இரண்டையும் திணித்தால் அம்மாவின் முழங்கால் உங்களை மன்னிக்காது.

வெள்ளி காலை, கொடிமலை ஏறும் மலை ரயில். 'தவிர' என்று கேட்டீர்கள், ஆனாலும் அதைத் தவிர்க்கச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. எல்லாரும் போகிற நேரத்தைத் தவிர்த்தால் போதும். காலை ஆறரைக்கே ரயில் ஓடத் தொடங்கிவிடும். ஏழு, ஏழரைக்குள் அடிவாரத்தில் இருங்கள். ஒரு பள்ளி விடுமுறையில், "என்ன பெரிய கூட்டம் வந்துவிடும்" என்று நான் விருந்தாளிகளைப் பதினோரு மணிக்கு அழைத்துப் போனேன். இரண்டு மணி நேரம் வரிசையில் நின்று மேலே போனால் கண்ணுக்குத் தெரிந்தது மேகம் மட்டும்தான். ஊர்க்காரன் நானே அப்படி ஏமாந்தேன். மைகார்டு (அடையாள அட்டை) கொண்டுபோக மறக்காதீர்கள், உள்நாட்டவருக்குக் கட்டணம் குறைவு, மூத்தவர்களுக்கு இன்னும் குறைவு. ஆண்டுக்கு ஒருமுறை பராமரிப்புக்காகச் சில நாள் ரயிலை நிறுத்துவார்கள். கிளம்பும் முன் அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த ரயிலுக்கு ஒரு தோல்விக் கதை உண்டு. முதலில் ஒரு பாதை போட்டு 1906 வாக்கில் ஓட்டிப் பார்த்தார்கள், ஓடவில்லை. அதுவரை துரைமார் மேலே போனதெல்லாம் குதிரையில், இல்லாவிட்டால் ஆள்கள் தோளில் தூக்கிய டோலியில். பிறகு புதிதாகப் பாதை போட்டு, 1923 அக்டோபரில் ரயிலை ஓட்டத் தொடங்கி, 1924 ஜனவரி 1-இல் ஆளுநர் கில்லமார்டு முறைப்படி திறந்துவைத்தார். எங்கள் தலைமுறைக்கு நினைவில் இருப்பது பாதி வழியில் இறங்கி வேறு பெட்டிக்கு மாறுவது. நடு நிலையத்தில் அந்தக் குளிரில் நிற்பதுதான் பிள்ளைகளாகிய எங்களுக்குப் பயணத்தின் முக்கால் பங்கு சுகம். 2010-இல் எல்லாவற்றையும் பிரித்துப்போட்டு, 2011-இல் சுவிஸ் நிறுவனத்தின் புதுப் பெட்டிகளோடு நேரடிப் பாதையாக ஆக்கிவிட்டார்கள். ஏறக்குறைய 2 கிலோமீட்டர், பத்து நிமிடத்துக்குள் மேலே போய்விடலாம். வழியில் ஒரு குட்டிச் சுரங்கம் வரும், நன்றாகச் சாய்ந்தது. பிள்ளைகளைப் பெட்டியின் கீழ்முனைக் கண்ணாடிப் பக்கம் நிற்க வையுங்கள். ஊர் காலடியிலிருந்து நழுவிப்போவது அங்கிருந்துதான் தெரியும். வசதிதான், மறுக்கவில்லை. இருந்தாலும் அந்த நடு நிலையம் போனதில் எனக்கு இன்னும் கொஞ்சம் வருத்தம் உண்டு.

கீழே இருப்பதை விட மேலே வெப்பம் ஐந்து டிகிரி போலக் குறைவாக இருக்கும். அம்மாவுக்கு ஒரு சால்வை எடுத்துக்கொள்ளுங்கள். மலாயில் இதற்கு புக்கிட் பெண்டேரா என்று பெயர். நாம் கொடிமலை என்கிறோம், இரண்டும் ஒன்றுதான். அந்தக் காலத்தில் கப்பல் வருவதை ஊருக்கு அறிவிக்க இங்கே கொடியேற்றுவார்கள். பழைய பீரங்கி ஒன்றும் நிற்கிறது, பிள்ளைகள் அதன்மேல் ஏறாமல் விடமாட்டார்கள். காதல் பூட்டு மாட்டும் வேலியை அவர்கள் கண்டுகொள்ளவில்லை என்றால் நீங்களும் கண்டுகொள்ளாமல் நடந்துவிடுங்கள்.

நிலையத்திலிருந்து கொஞ்சம் நடந்தால் திருமுருகன் கோயில். பக்கத்திலேயே ஒரு பள்ளிவாசல். காலை எட்டு மணிக்கு அந்த மேட்டில் நின்றால் ஒருபக்கம் ஊதுபத்தி வாசனை, மறுபக்கம் ஈர மண் வாசனை. அம்மா அங்கேயே உட்கார்ந்துவிடுவார். உட்காரட்டும், அவசரப்படுத்தாதீர்கள்.

அங்கிருந்து வடக்கே பாருங்கள். வானம் தெளிவாக இருந்தால் நீரிணைக்கு அப்பால் ஒரு தனி மலை நீலமாகத் தெரியும். அது கெடாவில் உள்ள குனோங் ஜெராய், 1,217 மீட்டர். அதன் அடிவாரம்தான் பூஜாங் பள்ளத்தாக்கு, நம் வரலாற்றுப் புத்தகத்தில் வரும் கடாரம். ராஜேந்திர சோழனின் கப்பற்படை 1025-இல் வந்த இடம். பாய்மரக் காலத்தில் வங்கக் கடலைக் கடந்து வந்த மாலுமிகளுக்கு அந்த மலைதான் அடையாளம். 'கடாரம் கொண்டான்' என்று பள்ளியில் மனப்பாடம் செய்ததை விரல் நீட்டிக் காட்ட முடிகிற இடம் இது. என் பையனுக்கு அதைக் காட்டியபோது, "அவ்வளவு பக்கத்திலா?" என்றான். தெற்கே திரும்பினால் முதல் பாலம் கோடு போட்டாற்போல் தெரியும். 1985-இல் திறந்தது, 13.5 கிலோமீட்டர். அதற்கும் தெற்கே, மங்கலாக, 2014-இல் திறந்த இரண்டாம் பாலம், 24 கிலோமீட்டர்.

காடு பார்க்க ஆசை என்றால் 'தி ஹாபிடாட்' என்ற பகுதிக்குப் போகலாம், தனிக் கட்டணம். 1.6 கிலோமீட்டர் நடைபாதை, பெரும்பாலும் சமமாகத்தான் இருக்கும். மர உச்சிகளுக்கு நடுவே 230 மீட்டர் தொங்குபாலம் உண்டு, ஆட்டம் குறைவு. அதற்கு 'லங்கூர் வே' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் போட்ட கறுத்த இலைக் குரங்கு அங்கே தென்படும். மூக்குக் கண்ணாடி மாட்டிய வாத்தியார் போல உங்களைப் பார்க்கும். அதற்கு உங்கள் பையைப் பற்றிக் கவலையில்லை. கவலைப்பட வேண்டியது நீண்ட வாலுள்ள கேரா குரங்கைப் பற்றி. அது பிளாஸ்டிக் பை சரசரக்கும் சத்தத்துக்கே வந்துவிடும். 2021 செப்டம்பரில் இந்த மலையையும் சுற்றுவட்டாரத்தையும், 12,481 ஹெக்டேர், யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. அந்தப் பட்டத்தின் அர்த்தம் புரிய இந்த நடை போதும்.

பதினொன்றுக்குள் இறங்கிவிடுங்கள். மேலே சாப்பாடு விலை அதிகம், ருசி சுமார். கீழே ஆயர் ஈத்தாம் சந்தைப் பக்கம் வந்தால் லக்சா, குழம்பு ஊற்றிய நூடுல்ஸ். இங்கே கிடைப்பது அசாம் லக்சா: கெம்போங் மீனை வேகவைத்து உதிர்த்து, புளி, புங்கா கந்தான் என்ற இஞ்சிப் பூ போட்ட குழம்பு. மேலே புதினா, வெங்காயம், அன்னாசி, ஒரு கரண்டி கறுப்பு இறால் விழுது. தேங்காய்ப்பால் கிடையாது. வெள்ளிக்கிழமை என்பதால் அம்மா சைவமாக இருந்தால் லக்சா ஆகாது. கவலை வேண்டாம், கெக் லோக் சி கோயில் பக்கம் சீனச் சைவக் கடைகள் இருக்கின்றன.

சாப்பிட்ட கையோடு கெக் லோக் சி. ஊரின் எந்த மூலையில் நின்றாலும் தெரியும் அந்தக் கோபுரம். சீனாவின் ஃபூஜியானிலிருந்து வந்த பியோவ் லியான் என்ற துறவி, 1890-களின் தொடக்கத்தில் வேலையை ஆரம்பித்தார். பினாங்கின் பெரும் சீன வணிகர்கள் பணம் கொடுத்தார்கள். 1905-இல் முக்கியப் பகுதி முடிந்தது. சீனப் பேரரசர் குவாங்சூ சூத்திர நூல்களை அனுப்பிக் கௌரவித்தார். ஏழடுக்குக் கோபுரம் 1930-இல்தான் முடிந்தது. அதைக் கீழிருந்து மேலாகப் பாருங்கள்: அடி சீனம், எண்கோணம். நடு சயாம் பாணி. உச்சி பர்மியக் குடை. அடிக்கல் நாட்டியவர் சயாம் மன்னர் ஆறாம் ராமா. மூன்று நாட்டுப் பௌத்தத்தை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவிட்டார்கள். மலையுச்சியில் நிற்கும் கருணைத் தெய்வம் குவான் யின்னின் 30.2 மீட்டர் வெண்கலச் சிலை 2002-இல் வந்தது. அதன்மேல் 16 தூண்கள் தாங்கும் மண்டபம் 2009-இல் முடிந்தது.

இங்கே ஒரு சூட்சுமம். வழக்கமான வழி சந்தைப் பக்கத்துப் படிக்கட்டு. இருபுறமும் நினைவுப்பொருள் கடை, ஆமைக்குளம், அப்புறம் இன்னும் படி. முழங்கால் வலிக்காரர்களுக்கு அது வேண்டாம். அணைக்கட்டுக்குப் போகும் சாலையில் ஏறினால் காடி (கார்) மேலேயே போகும். குவான் யின் சிலைக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு, அம்மாவைச் சாய்தள மின்தூக்கியில் நடுத் தளத்துக்குக் கூட்டி வாருங்கள், திரும்பவும் அதிலேயே ஏறிவிடலாம். கோபுரத்தின் உள்ளே ஏறுவது குறுகலான படி, அதைப் பிள்ளைகளும் நீங்களும் பார்த்துக்கொள்ளுங்கள். மாலை ஐந்தரைக்குள் மூடிவிடுவார்கள். சீனப் புத்தாண்டையொட்டிய வாரங்களில் வந்தால் கதையே வேறு. ராத்திரி முழுக் கோயிலுக்கும் விளக்கேற்றிவிடுவார்கள். அப்போது தூரத்தில் நின்று பார்ப்பதே மேல்.

வெயில் தாழ்ந்ததும் அதே சாலையில் இன்னும் மேலே போனால் ஆயர் ஈத்தாம் அணை. 1960-களின் தொடக்கத்தில் கட்டியது. வளைவு மேல் வளைவு, எதிரே வண்டி வந்தால் ஒதுங்க இடம் தேட வேண்டும், மெதுவாக ஓட்டுங்கள். மேலே போனால் சுற்றுலாப் பயணி என்று ஒருவரைக்கூடப் பார்க்க மாட்டீர்கள். நடக்கிறவர்கள், ஓடுகிறவர்கள், தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்கும் ஓய்வு பெற்ற வாத்தியார்கள். கரையோரம் காடு கண்ணாடி போலப் படிந்திருக்கும். ஊரின் பெயர்க்காரணம் மாலை ஆறு மணிக்கு அந்த நீரைப் பார்த்தால் தானே புரியும். எனக்குப் பிடித்த இடம் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். வாசலில் கடை இல்லை, கழிப்பறையை நம்ப வேண்டாம், கொசு உண்டு.

நேரம் மிஞ்சினால், ஊருக்குள் திரும்பும் வழியில் ஆயர் ஈத்தாம் சாலையோரம் இரண்டு இடம். ஒன்று சீனர்களின் போர் நினைவுத் தூண், 1951-இல் எழுப்பியது. ஜப்பானியரை எதிர்த்த சீனாவுக்கு உதவ, பர்மா சாலையில் லாரி ஓட்டப் போன நம் நாட்டுச் சீன இளைஞர்களின் நினைவு அது. போர்க்காலத்தில் ஜப்பானியர் நம் ஆட்களைக் கொண்டுபோய்க் கட்டிய சயாம் மரண ரயிலின் கதை தெரிந்த தமிழ்க் குடும்பங்களுக்கு அதன் முன்னால் ஒரு நிமிடம் நிற்கத் தோன்றும். இன்னொன்று சஃபோல்க் ஹவுஸ். பினாங்கில் ஆங்கிலேயர் குடியேற்றத்தைத் தொடங்கிய பிரான்சிஸ் லைட் மிளகுத் தோட்டம் போட்ட இடம். தன் சொந்த மாவட்டத்தின் பெயரையே அதற்கு வைத்தார். இப்போது நிற்கும் வீடு அவருக்குப் பிறகு ஆளுநர் பிலிப்ஸ் காலத்தில் எழும்பியது. பழைய மெட்ராஸ் தோட்ட பங்களாவை நினைவுபடுத்தும் அதே அகன்ற தாழ்வாரம், அதே தூண்கள். சிங்கப்பூரை நிறுவிய ராஃபிள்ஸ் விருந்தாளியாக வந்து போன வீடு. பின்னாளில் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போய், சிற்றுண்டிச்சாலையாகவும் பல் மருத்துவ அறையாகவும் இருந்து, 1975-இல் இடியும் நிலைக்கு வந்ததால் பூட்டினார்கள். அப்புறம் மீட்டெடுத்து, 2008-இல் யுனெஸ்கோ விருதும் வாங்கியது. விருந்து, நிகழ்ச்சி என்று வாடகைக்கு விடும் நாட்களில் உள்ளே விடமாட்டார்கள், ஒரு போன் போட்டுவிட்டுப் போங்கள்.

சனி காலை, தண்ணீர்மலை. வாட்டர்ஃபால் ரோடு என்று ஆங்கிலத்தில், ஜாலான் கெபுன் பூங்ஙா என்று மலாயில். 'பூங்ஙா' என்றால் பூ. நம் 'பூங்கா'வோடு ஒலி ஒத்துப்போவதால் சின்ன வயதில் அதைத் தமிழ்ப் பெயர் என்றே நினைத்திருந்தேன்.

முதலில் தாவரவியல் பூங்கா, ஏழு மணிக்கு. 1884-இல் சார்லஸ் கர்டிஸ் என்பவர் ஒரு பழைய கருங்கல் குவாரியை எடுத்துத் தோட்டமாக்கினார். 1910-இல் இதை நீர்த்தேக்கமாக்கப் போகிறோம் என்று சொல்லி, செடிகளில் பலவற்றைச் சிங்கப்பூருக்கு அனுப்பிவிட்டார்கள். பிறகு அந்தத் திட்டம் கைவிடப்பட்டது, தோட்டம் மீண்டும் துளிர்த்தது. உள்ளே போனதும் அம்மா ஒரு மரத்தைப் பார்த்து நின்றுவிடுவார் என்று பந்தயம் கட்டுகிறேன். ஆங்கிலத்தில் பீரங்கிக் குண்டு மரம் என்பார்கள். அடிமரத்தோடு ஒட்டிப் பூவும், உருண்டை உருண்டையாகக் காயும். நமக்கு அது நாகலிங்க மரம். பூவின் நடுவில் லிங்கம், மேலே படமெடுத்த நாகம். பெரிய பலகையில் தாவரவியல் பெயர்தான் எழுதியிருக்கும், பிள்ளைகளுக்குக் கதையை அம்மா சொல்லட்டும். மரம் தென் அமெரிக்காவிலிருந்து வந்தது என்பதை நீங்கள் அப்புறம் மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம்.

பூங்காவுக்குள் தள்ளுவண்டி, சக்கர நாற்காலி எல்லாம் போகும், பாதை நன்றாக இருக்கும். குரங்குக்கு எதுவும் கொடுக்காதீர்கள், அபராதம் உண்டு. அருவி எங்கே என்று பிள்ளைகள் கேட்பார்கள். அது பின்னால் நீர்ப்பிடிப்புப் பகுதிக்குள் இருக்கிறது, அனுமதி இல்லாமல் போக முடியாது. 1800-களின் தொடக்கத்திலேயே அந்தத் தண்ணீரைச் செங்கல் வாய்க்கால் கட்டி ஊருக்குள் கொண்டுபோனார்கள். கப்பல்களும் அதைத்தான் நிரப்பிக்கொண்டு போயின. அந்த அருவிக்குப் பக்கத்தில்தான் நம் ஆட்கள் வைத்த சிறு முருகன் கோயிலும் இருந்தது. குடிநீர்த் திட்டம் பெரிதாகவே கோயில் இடம் மாற வேண்டியதாயிற்று. மாற்று நிலம் கிடைத்த குன்றில்தான் இன்றைய அருள்மிகு பாலதண்டாயுதபாணி கோயில். தண்ணீருக்காக இடம்பெயர்ந்தும் தண்ணீர்மலையான் என்ற பெயரை முருகன் விடவில்லை.

இப்போதுள்ள மலைக்கோயிலுக்கு 2012-இல் குடமுழுக்கு நடந்தது. 513 படிகள். அம்மாவுக்கு நான் சொல்வது: கீழே கணபதி சன்னிதியில் கும்பிட்டுவிட்டு நிழலில் உட்காரட்டும். நீங்களும் பிள்ளைகளும் எட்டு மணிக்குள் ஏறி இறங்கிவிடுங்கள். ஒன்பதுக்கு மேல் படி சுடும், வெறுங்காலில் தாங்காது. பாதிப் படியில் திரும்பிப் பார்த்தால் கடல் தெரியும்.

அதே சாலையில் நாட்டுக்கோட்டை நகரத்தார் கோயில், 1857-இல் எழுந்தது. பெரிய சத்தமில்லாத கோயில். உள்ளே நுழைந்ததும் தூணும் முற்றமும் தேக்கு மரமும் செட்டிநாட்டு வீட்டுக்குள் வந்துவிட்டாற்போல் இருக்கும். தைப்பூசத்துக்கு முந்தின நாள், செட்டிப்பூசத்தன்று, பினாங்குத் தெருக் கோயில் வீட்டிலிருந்து வெள்ளி ரதம் கிளம்பி இங்கேதான் வந்து சேரும். அந்த ரதம் 1894-இல் கடல் தாண்டி வந்தது. வழி நெடுகச் சீனர்களும் நம்மோடு சேர்ந்து மூட்டை மூட்டையாகத் தேங்காய் உடைப்பார்கள். 2017 முதல் இந்து அறப்பணி வாரியத்தின் தங்க ரதமும் வருகிறது. எது முன்னால், எது பின்னால் என்ற பேச்சு கல்யாண வீட்டில் கிளம்பும். வாயைத் திறக்காமல் பாயசத்தைக் குடித்துவிடுங்கள். கோயில் மதியம் நடை சாத்துவார்கள், அதற்குள் போங்கள்.

பூங்காவிலிருந்து கொடிமலைக்கு ஜீப் பாதை ஒன்று ஏறுகிறது, ஏறக்குறைய 5 கிலோமீட்டர். பிள்ளைகளோடு அதை முயலாதீர்கள். நல்ல செங்குத்து. 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் அடித்த புயல் மழையில் இந்த மலைச் சாலைகள் பல இடத்தில் சரிந்து போயின. இன்றும் கனமழைக்குப் பிறகு நான் அந்தப் பக்கம் நடக்கப் போவதில்லை.

காடி இல்லாவிட்டால்: ரெப்பிட் பினாங்கு பஸ் 204 மலை ரயில் அடிவாரம் வரை போகும், ஆயர் ஈத்தாம் சந்தையும் அதே வழி. பூங்காவுக்கு 10-ஆம் எண். சனி, ஞாயிறில் சந்தைச் சந்திப்பில் வாகனம் நகராது, அன்றைக்கு பஸ்ஸே மேல். மழை பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் பிடிக்கும். குடையை விட மழைச்சட்டை நல்லது, குடையைக் குரங்கு பிடுங்கும். பிள்ளைகளுக்கு இரண்டாவது ஜோடிச் செருப்பு ஒன்று காடியில் கிடக்கட்டும். சனி மதியம் ஒரு மணிக்குள் வீட்டுக்கு வந்துவிட்டால், அம்மா ஒரு தூக்கம் போட்டு எழுந்து விருந்துக்குக் கிளம்பச் சரியாக இருக்கும்.